முறுக்கு வியாபாரத்துக்கு இணையதளம்: கட்டிய பணம் போயிற்று, இனி எங்கிருந்து தொடங்குவது?

தொண்ணூறடிச்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மாமியார் முப்பது ஆண்டுகளுக்கு முன் தாராவியில் ஒரே ஒரு வாணலியோடு தொடங்கிய முறுக்கு, தட்டை, அதிரச வியாபாரத்தை இப்போது நானும் என் கணவரும் பார்த்துக்கொள்கிறோம். வீட்டின் கீழ்த்தளத்தில் அடுப்பு. மூன்று பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். சரக்கில் பெரும்பகுதி மாட்டுங்கா, சயான், செம்பூர்ப் பகுதிக் கடைகளுக்குப் போய்விடும். கடைக்குக் கொடுத்தால் கிலோவுக்கு 40 ரூபாய் நிற்கும். வீட்டுக்கு வந்து வாங்குபவரிடம் விற்றால் 110 ரூபாய் நிற்கும். நேரடி விற்பனையைக் கூட்ட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்திடம் 38,000 ரூபாய் கொடுத்து இணையதளம் செய்தோம்.

ஓராண்டில் அதன் வழியாக வந்த ஆர்டர் பதினொன்று. அவற்றில் நான்கு எங்கள் உறவினர்கள் போட்டது. இந்த மாதம் புதுப்பிப்புக் கட்டணம் என்று 22,000 ரூபாய் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்று என் கணவர் பதில் அனுப்பிய மறுநாளே தளம் திறக்கவில்லை. அதைவிடக் கொடுமை, கூகுள் வரைபடத்தில் எங்கள் வியாபாரத்தின் பெயரைத் தட்டினால் வருகிற கைபேசி எண் எங்களுடையது அல்ல. அது அவர்கள் அலுவலக எண். இத்தனை நாளாக எங்களைத் தேடி அழைத்தவர்களின் அழைப்பை யார் எடுத்தார்கள், என்ன சொன்னார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு அந்த இணைய முகவரியை அச்சிட்ட உறைகள் 1,500 வீட்டில் அடுக்கி வைத்திருக்கிறோம்.

தீபாவளிக்கு இன்னும் பத்து வாரம் இருக்கிறது. 22,000 ரூபாயைக் கட்டிவிடுவதா, வேறொருவரிடம் புதிதாகச் செய்வதா, அல்லது இணையதளமே எங்களைப் போன்றவர்களுக்குத் தேவையில்லையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முலுண்ட் மெஸ் எழுதியது:

அக்கா, கட்ட வேண்டாம். நான் ஒன்பது ஆண்டுகளாக மெஸ் நடத்துகிறேன், இன்றுவரை இணையதளம் கிடையாது. வரைபடத்தில் இடம், வாட்ஸ்அப்பில் அன்றைய சாப்பாட்டுப் பட்டியல், இவ்வளவுதான். முறுக்கு வாங்குகிறவர் இணையதளத்தைத் திறந்து, கூடையில் போட்டு, முகவரியைத் தட்டச்சு செய்து, அட்டை எண்ணைக் கொடுத்து வாங்க மாட்டார். "இரண்டு கிலோ எடுத்து வையுங்கள், சாயங்காலம் பையன் வருவான்" என்று ஒரு செய்தி அனுப்புவார்.

செம்பூர்க்காரன் எழுதியது:

பன்னிரண்டு ஆண்டுகளாக இணையதளம் செய்து கொடுப்பதே என் தொழில். ஆகவே என் பேச்சில் சொந்த நலன் கலந்திருக்கலாம் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். முலுண்ட் நண்பர் சொல்வதில் முக்கால் பங்கு எனக்கு உடன்பாடே. ஆனால் சகோதரியின் சிக்கல் இணையதளம் தேவையா இல்லையா என்பதில் இல்லை. கடைச் சாவி யார் கையில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

ஒரு சிறு வியாபாரத்துக்கு இணையத்தில் நான்கு சாவிகள் உண்டு. ஒன்று டொமைன் என்கிற முகவரி. இரண்டாவது, உங்கள் வியாபாரத்தின் பெயர், எண், இடம் வருகிற கூகுள் வரைபடப் பட்டியலின் உரிமையாளர் கணக்கு. மூன்றாவது வாட்ஸ்அப் எண். நான்காவது, இவை மூன்றுக்கும் மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டுத் தருகிற மின்னஞ்சல். யாரை வேலைக்கு அமர்த்தினாலும் இந்த நான்கும் உங்கள் பெயரிலும், உங்கள் வீட்டில் இருக்கிற கைபேசியிலும் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்கு நிர்வாகி என்ற அளவில் அனுமதி கொடுத்தால் போதும். வரைபடப் பட்டியலில் உரிமையாளர் வேறு, நிர்வாகி வேறு என்று பிரித்துக் கொடுக்கும் வசதி உண்டு. இதை நான் என் வாடிக்கையாளர்களிடம் முதல் நாளே சொல்வேன். பாதிப் பேர் "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, எங்களுக்கு எதற்கு" என்பார்கள். இந்தத் தொழிலில் தவறு செய்பவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

முதலில் செய்ய வேண்டியது: ஹூஇஸ் என்ற இலவசத் தேடலில் உங்கள் டொமைனைப் போட்டுப் பாருங்கள். பதிவு செய்தவர் யார், எந்தப் பதிவு நிறுவனம் வழியாக, என்று காலாவதி என்பவை தெரியும். பல நேரம் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். உங்கள் பெயரில் இருந்தால் நீங்களே பதிவு நிறுவனத்தை அணுகி மீட்கலாம். அவர்கள் பெயரில் இருந்தால், டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ள உதவும் மாற்றக் குறியீட்டைத் தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள், பணம் கட்டிய ரசீதில் டொமைனும் சேர்ந்தது என்று இருந்தால் அதன் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். ஒரு டாட் இன் முகவரிக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். மீதி 21,000 எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தொகை பாதியாகக் குறையும். அப்படிக் குறைந்தாலும் கட்டாதீர்கள்.

வாஷித் தையல் எழுதியது:

முலுண்ட் அண்ணாச்சிக்கு ஒரு வார்த்தை. நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். கூகுள் பட்டியலோடு இலவசமாக ஒரு சிறு இணையதளம் செய்துகொள்ளும் வசதி முன்பு இருந்தது நினைவிருக்கலாம். ரவிக்கை தைக்கும் என் கடைக்கு அதில் ஒரு பக்கம் செய்து, அளவு கொடுக்கும் முறை, தையல் கூலி, துணி கொண்டுவர வேண்டிய நாள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். 2024 மார்ச்சில் அந்த வசதியையே கூகுள் நிறுத்திவிட்டது. ஜூன் 10 வரை பழைய முகவரியைத் தட்டியவர்கள் வரைபடப் பட்டியலுக்குத் திருப்பி விடப்பட்டார்கள், அதன் பிறகு அதுவும் இல்லை. அடுத்த மாதமே பட்டியலில் இருந்த அரட்டை வசதியையும் எடுத்துவிட்டார்கள். யாரும் என்னை ஏமாற்றவில்லை, முன்னறிவிப்பும் வந்தது. ஆனால் இலவச இடத்தில் கடை போட்டால் இடத்துக்காரர் எழுந்திருக்கச் சொல்லும்போது எழுந்திருக்கத்தான் வேண்டும். இப்போது சொந்த முகவரியில் ஒரே ஒரு பக்கம் வைத்திருக்கிறேன்.

மாட்டுங்கா பூக்கடை எழுதியது:

விளம்பரம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, ஆனால் அடுத்து அந்தப் பேச்சுதான் வரும் என்பதால் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இன்ஸ்டாகிராமில் மாலைகளின் படம் ஒன்றைப் போட்டு, கீழே இருந்த, படத்தை விளம்பரமாக்கும் "பூஸ்ட்" பொத்தானை அழுத்தி, நாளொன்றுக்கு 300 ரூபாய் வீதம் பத்து நாள் ஓட்டினேன். மூவாயிரம் ரூபாயோடு முடியவில்லை. 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்து 3,540 ஆயிற்று. "விலை என்ன" என்று கேட்டு நூற்று நாற்பது செய்திகள் வந்தன. விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் கேட்டார்கள். விராரிலிருந்து ஒருவர் மாட்டுங்காவுக்கு வந்து மல்லிகைச் சரம் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் பூ வாடிவிடும் என்பது எனக்குத் தெரியும், அந்தப் பொத்தானுக்குத் தெரியாது. முடிவில் கிடைத்த வியாபாரம் இரண்டு மாலை.

அடுத்த முறை பொத்தானை விட்டுவிட்டு, விளம்பர மேலாண்மைப் பக்கத்திலேயே நேராகப் போய், வரைபடத்தில் கடையை மையமாக வைத்து நான்கு கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தை மட்டும் தேர்ந்தெடுத்தேன். வரலட்சுமி விரதத்துக்கு ஐந்து நாள் முன் தொடங்கி விரதத்துக்கு முந்தின நாள் மதியம் நிறுத்திவிட்டேன். படத்திலேயே கலசத்துக்கான பூத்தொகுப்பின் விலையை எழுதிவிட்டேன். பொத்தானைத் தட்டினால் வாட்ஸ்அப் திறக்கும்படி வைத்தேன். வந்த செய்திகள் முப்பத்தொன்றுதான், ஆர்டர் பத்தொன்பது. விலையைக் காட்டினால் ஆள் குறையும் என்று பயப்படுகிறார்கள். வாங்காதவர்தானே குறைகிறார்?

தொண்ணூறடிச்சாலை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஹூஇஸில் பார்த்தோம்; டொமைன் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. மாற்றக் குறியீடு கேட்டு மின்னஞ்சல் அனுப்பியதற்கு, டொமைன் "தொகுப்பின் பகுதி" என்றும் தனியாகத் தர இயலாது என்றும் பதில் வந்தது. எங்கள் ரசீதில் "இணையதளம் 1" என்று மட்டும்தான் இருக்கிறது.

வரைபடப் பட்டியலை மீட்க முடியுமா? எங்களுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சந்துக்குள் இருக்கிற வீடு. வாசம் பிடித்துக்கொண்டு வந்தால்தான் உண்டு.

செம்பூர்க்காரன் எழுதியது:

டொமைனை விட்டுவிடுங்கள். டாட் இன் முகவரிகளுக்கென்று தனியான தகராறுத் தீர்வு முறை இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரின் மீது உங்களுக்குள்ள உரிமையை நீங்கள் நிறுவ வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. பதிவு செய்த வணிகக் குறி இல்லாத ஒரு முறுக்கு வியாபாரத்துக்கு அது கட்டுப்படியாகாது. சற்றே மாறிய பெயரில் புதியதை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையிலிருந்து பணம் கட்டி இன்றே வாங்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். பதினொரு ஆர்டர் மட்டுமே வந்த பழைய முகவரிக்குத் தேடலில் பெரிய மதிப்பு எதுவும் சேர்ந்திருக்காது, ஆகவே இழப்பும் பெரிதில்லை.

பட்டியலை மீட்க முடியும், அதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. வரைபடத்தில் உங்கள் பெயரைத் திறந்தால் "இந்த வணிகம் உங்களுடையதா" என்பது போன்ற ஒரு வரி இருக்கும். அதைத் தட்டி அனுமதி கோருங்கள். இப்போதைய உரிமையாளருக்கு அறிவிப்புப் போகும்; அவர் சில நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் நீங்களே உங்களை உறுதிப்படுத்திப் பெற்றுக்கொள்ள வழி திறக்கும். உறுதிப்படுத்துவதற்குப் பெரும்பாலும் காணொளி கேட்பார்கள். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும்: முதலில் தெருப்பெயர் தெரியும் இடம், பிறகு சந்து, பிறகு வாசல், உள்ளே அடுப்பு, வாணலி, முறுக்கு அச்சு, பெயர் அச்சிட்ட உறைகள், கடைசியாக உணவுப் பதிவுச் சான்று போன்று நடத்துகிறவர் நீங்கள்தான் என்று காட்டும் ஏதேனும் ஒன்று. கைபேசியில் வேறு யாருடைய முகமும், வங்கி எண்ணும் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகை இல்லாதது ஒரு சிக்கல்தான். முகவரியைப் பொதுவில் காட்டுகிற கடைக்கு நிலையான பெயர்ப்பலகை இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. பலகை இல்லையென்றால் முகவரியை மறைத்துவிட்டு, நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் பகுதிகளை மட்டும் காட்டும் வகையில் பட்டியலை அமைக்கலாம். ஆனால் உங்களிடம் வீட்டுக்கே வந்து வாங்குகிறார்களே, அவர்களுக்காகவாவது ஒரு சிறு பலகை மாட்டுங்கள் என்பது என் கருத்து. மாட்டும்போது மராத்தி எழுத்து தேவநாகரியில் இருக்க வேண்டும், மற்ற மொழி எழுத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறிய இடங்களுக்கும் அந்த விதி பொருந்தும் என்று மகாராஷ்டிரச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் கொண்டுவந்துவிட்டார்கள்.

இனி நான் முக்கியம் என்று நினைப்பது. உங்கள் பட்டியலிலும் பழைய தளத்திலும் "முறுக்கு" என்ற சொல் மட்டும்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். மும்பையில் அதே பண்டத்தைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் "சக்லி" என்றுதான் தட்டுவார்கள். தீபாவளி நெருங்கினால் மராத்திக்காரர்கள் "பராள்" என்று தேடுவார்கள். சக்லி, சேவ், சிவ்டா, கரஞ்சி, லட்டு எல்லாம் சேர்ந்த தீபாவளிப் பலகாரத்துக்கு அவர்கள் வீட்டில் வழங்கும் பெயர் அது. இந்தச் சொற்கள் உங்கள் பட்டியலின் பொருள் விவரத்திலும், தளத்தின் எழுத்திலும் இருந்தாக வேண்டும். ஆனால் வியாபாரத்தின் பெயரோடு இவற்றை ஒட்டாதீர்கள். பலகையில் இல்லாத சொற்களைப் பெயரில் சேர்த்தால் பட்டியலையே முடக்கிவிடுவார்கள்.

தொண்ணூறடிச்சாலை எழுதியது:

மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "முறுக்கு வேறு, சக்லி வேறு, அவர்கள் பருப்பு, தானியம் எல்லாம் வறுத்து அரைத்த பாஜணி மாவில் செய்கிறார்கள், நாம் அரிசியும் உளுந்தும் போடுகிறோம், பெயரை மாற்றி விற்பது பொய்" என்று சொல்லிவிட்டார். கைமுறுக்கைச் சக்லி என்று எழுதினால் அடுப்பை அணைத்துவிடுவாராம்.

மாட்டுங்கா பூக்கடை எழுதியது:

அம்மா சொல்வது நியாயம். நானும் "கஜ்ரா" என்று எழுத ஓராண்டு மறுத்தவன்தான். பிறகு "கஜ்ரா என்று நீங்கள் தேடி வந்த மல்லிகைச் சரம், மதுரை முறையில் கட்டியது" என்று எழுதினேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்: "சக்லியின் தமிழ்நாட்டு உறவு, அரிசியும் உளுந்தும் சேர்த்துக் கையால் சுற்றியது." தேடியவரும் வருவார், பொய்யும் இல்லை. பாஜணி எதிர்பார்த்து வந்தவர் ஏமாந்து ஒற்றை நட்சத்திரம் போடவும் மாட்டார்.

செம்பூர்க்காரன் எழுதியது:

இதைவிட நன்றாக என்னால் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

தளத்தைப் பற்றி. ஒரு பக்கம் போதும். அதில் கூடையும், இணையத்திலேயே பணம் வாங்கும் கட்டண வாயிலும் இப்போது வேண்டாம். கட்டண வாயில் வைத்தால் ஒவ்வொரு விற்பனைக்கும் ஏறத்தாழ 2 விழுக்காடும் அதன் மேல் வரியும் போகும்; உங்களிடம் வாங்குபவர்கள் யூபிஐ-யில் அனுப்பிவிடுவார்கள். பொருள், எடை, விலை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும், எந்தப் பகுதிக்குக் கொண்டுவந்து கொடுப்பீர்கள், தீபாவளி ஆர்டருக்குக் கடைசி நாள் எது, இவற்றை எழுத்தாக எழுதி, கீழே வாட்ஸ்அப்பைத் திறக்கும் பொத்தானை வையுங்கள். எழுத்தாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நம்மவர் தளங்களில் விலைப்பட்டியலை அழகாக வடிவமைத்து ஒரே படமாக ஏற்றிவிடுகிறார்கள். கைபேசியில் அது தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். தமிழில் எழுதுவதானால், எல்லாத் திரையிலும் சரியாகத் தெரியும் யூனிகோடு எழுத்தில் எழுதுங்கள். அச்சகத்தில் வாங்கிய பழைய எழுத்துரு கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் பார்ப்பவர் திரையில் புரியாத குறிகளாக வரும்.

கைபேசியில் எடுத்த படம் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்பி இருக்கும். அப்படியே ஏற்றாதீர்கள். சுருக்கி 200 கேபிக்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள். பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 வினாடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல், பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற அதன் இலவசக் கருவியில் சோதிக்கலாம். நான் அதைவிட எளிய சோதனை ஒன்று செய்வேன்: மாலை ஏழு மணிக்குக் குர்லாவில் கூட்ட ரயிலில் நின்றுகொண்டு பக்கத்தைத் திறப்பேன். அங்கே திறந்தால் எங்கும் திறக்கும்.

கூகுள் தேடலில் வரும் விளம்பரம் செய்வதானால், எந்தச் சொல்லைத் தட்டியவர்கள் உங்கள் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று காட்டும் அறிக்கையை இரண்டாம் நாளே திறந்து பாருங்கள். "சக்லி செய்முறை", "முறுக்கு மெஷின் விலை" என்றெல்லாம் தேடியவர்களுக்காக நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அவற்றை விலக்குச் சொற்களாகச் சேர்த்தால் அந்தச் செலவு நின்றுவிடும். தேடலில் முதல் இடத்துக்கு உத்தரவாதம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படி உத்தரவாதம் தர எவராலும் இயலாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் பட்டியல் நீக்கப்படும்" என்று அழைப்பவரும் அதே இனம். பட்டியலுக்குக் கட்டணமே கிடையாது.

டோம்பிவிலி கணக்கன் எழுதியது:

மற்றவர்கள் தொடாத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. தளம் வைத்தவுடன் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் "கூரியரில் அனுப்புவீர்களா" என்று கேட்பார்கள். ஆசையில் அனுப்பிவிடாதீர்கள். மகாராஷ்டிரத்துக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் வரிக்குட்பட்ட பொருளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு விற்றால், ஒரே ஒரு கிலோவாக இருந்தாலும், பதிவு வேண்டும். புனேக்கு அனுப்பலாம், நாசிக்குக்கு அனுப்பலாம்; சென்னைக்கு அனுப்புமுன் என்னைப் போன்ற ஒருவரைப் பாருங்கள். பெரிய விற்பனைத் தளங்களில் சேருவதாக இருந்தால், முன்பு எவ்வளவு சிறிய வியாபாரிக்கும் பதிவு கட்டாயம். 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறு வியாபாரிகள் பதிவில்லாமல், ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்றுக்கொண்டு விற்கலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள்.

அடுத்தது உணவுப் பதிவு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் பதினான்கு இலக்க எண் உறையில் மட்டுமல்ல, பில்லிலும் இருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தளத்திலும் போடுங்கள். இணையத்தில் விற்பவர் தம் பெயர், முகவரி, தொடர்பு எண், புகாரைக் கேட்பவர் யார் என்பவற்றைக் காட்ட வேண்டும் என்று 2020 நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. உங்கள் அளவுக்கு அது பக்கத்தின் அடியில் மூன்று வரி.

தொண்ணூறடிச்சாலை எழுதியது:

ஐயா, நல்ல வேளை சொன்னீர்கள். சென்ற தீபாவளிக்கு அந்தத் தளம் வழியாக வந்த பதினொன்றில் ஒன்று கோயம்புத்தூருக்குப் போனது. அது உறவினர் என்பதால் பணமே வாங்கவில்லை!

வாட்ஸ்அப் பற்றியும் ஒரு கேள்வி. பழைய வாடிக்கையாளர்களின் எண்கள் ஒரு நோட்டில் நானூறுக்கு மேல் இருக்கின்றன. எல்லோரையும் ஒரு குழுவில் சேர்த்துவிடலாமா?

முலுண்ட் மெஸ் எழுதியது:

வேண்டவே வேண்டாம். குழுவில் சேர்த்தால் ஒருவருடைய எண் மற்ற நானூறு பேருக்கும் தெரிந்துவிடும். பலர் புகார் அழுத்தினால் உங்கள் எண்ணே முடங்கக்கூடும். அந்த எண்தான் உங்கள் கடை.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை. ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பலர் இது தெரியாமல் ஒலிபரப்பை அனுப்பிவிட்டுப் பதிலே இல்லை என்று வருந்துகிறார்கள். நான் என்ன செய்தேன் என்றால், புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், நாளைய சாப்பாடு என்ன என்று இரவே சொல்லிவிடுகிறேன்" என்று நேரில் சொன்னேன். நானூறு பேரில் நூற்றிருபது பேர் சேமித்தால் போதும், அவர்கள்தான் வாங்குகிறவர்கள். மாதம் இரண்டு செய்திக்கு மேல் அனுப்பாதீர்கள். காலை வணக்கப் பூப்படம் கூடவே கூடாது (பூக்கடை நண்பர் மன்னிக்கவும்).

இன்னொன்று, பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி முறுக்கைக் கொடுக்காதீர்கள். வங்கிச் செயலியில் பணம் வந்ததைப் பார்த்த பிறகே உறையைக் கையில் கொடுக்க வேண்டும். எனக்கு ஒரே வாரத்தில் மூன்று பொய்ப் படங்கள் வந்தன.

வாஷித் தையல் எழுதியது:

மதிப்புரைகளைப் பற்றி நான் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நட்சத்திரம் போட்டால் அடுத்த ரவிக்கைக்கு 50 ரூபாய் தள்ளுபடி என்று அட்டை அடித்துக் கொடுத்தேன். அது விதிமீறல் என்று பிறகுதான் தெரிந்தது. தள்ளுபடிக்காக எழுதிய மதிப்புரைகள் சில நீக்கப்பட்டன. இப்போது துணியைக் கொடுக்கும்போது, பிடித்திருந்தால் எழுதுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். குறை எழுதியவர்களுக்கு இரண்டு வரியில், தேதி குறிப்பிட்டு, என்ன சரி செய்தோம் என்று பதில் எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் புகழுரையைவிட அந்தப் பதில்களைத்தான் படித்துவிட்டு வருகிறார்கள். நேரில் வந்து சொல்லியே இருக்கிறார்கள்.

தொண்ணூறடிச்சாலை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். விநாயகர் சதுர்த்தி வேலையில் நேரம் கிடைக்கவில்லை.

22,000 ரூபாயைக் கட்டவில்லை. புதிய முகவரி வாங்கியாயிற்று. என் பெயரில், என் மின்னஞ்சலில். பட்டியலுக்கு அனுமதி கோரியதற்கு அவர்களிடமிருந்து பதில் இல்லை. பிறகு காணொளி எடுத்து அனுப்பினோம். முதல் முறை நிராகரித்தார்கள், சந்து இருட்டாக இருந்ததால் வாசல் தெரியவில்லை. இரண்டாம் முறை நண்பகலில், புதுப் பலகை மாட்டிய பிறகு எடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். எண்ணை மாற்றிய அன்று மாலையே முலுண்டிலிருந்து ஓர் அம்மா அழைத்து, "மூன்று மாதமாக அழைக்கிறேன், யாரோ ஒருவர் எடுத்துத் தளம் வேண்டுமா என்று கேட்கிறார்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தளம் ஒரு பக்கம். என் கணவரின் தங்கை மகன் செய்தான், கல்லூரியில் படிக்கிறான். மாமியார் ஒப்புதலோடு "சக்லியின் தமிழ்நாட்டு உறவு" என்ற வரி மேலேயே இருக்கிறது. நேரடி ஆர்டர் இந்த ஐந்து வாரத்தில் அறுபத்து மூன்று. அதில் நாற்பதுக்கு மேல் வரைபடத்தைப் பார்த்து வந்தவை, தளத்தைப் பார்த்து வந்தவை ஒன்பதுதான். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்று, காட்கோபரில் ஓர் அலுவலகத்துக்குத் தீபாவளிக்கு எண்பது பெட்டி. விலை, எடை, உணவுப் பதிவு எண் எல்லாம் ஒரே பக்கத்தில் எழுத்தில் இருந்ததால் மேலதிகாரிக்கு அப்படியே அனுப்ப முடிந்தது என்று சொன்னார்கள்.

மீதி இருப்பது அந்த 1,500 உறைகள். பழைய முகவரி மேல் ஒட்டுவதற்குக் கியூஆர் குறியோடு சிறு ஒட்டுத்தாள் அடிக்கலாம் என்று நினைக்கிறோம். இணையத்தில் இலவசமாகக் கியூஆர் செய்து தரும் ஒரு தளத்தில் செய்தும் வைத்துவிட்டோம். நாளை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். சரிதானே?

செம்பூர்க்காரன் எழுதியது:

அச்சகத்துக்குக் கொடுக்குமுன் அந்தக் குறியை உங்கள் கைபேசியில் படித்துப் பாருங்கள். திரையில் உங்கள் முகவரி நேரே வருகிறதா, அல்லது அந்தத் தளத்தின் குறுமுகவரி வந்து, அங்கிருந்து உங்களிடம் திரும்புகிறதா? இரண்டாவது வகை என்றால், சோதனைக் காலம் முடிந்தவுடன் பணம் கட்டச் சொல்லி ஒரு பக்கம் திறக்கக்கூடும். அப்போது 1,500 உறைகளும் மறுபடி வேறொருவர் கையில்.

தொண்ணூறடிச்சாலை எழுதியது:

குறுமுகவரிதான் வருகிறது. அச்சகத்துக்காரரை நிறுத்திவிட்டேன்.

செம்பூர்க்காரன் எழுதியது:

உங்கள் முகவரியையே நேராகக் கொண்ட நிலையான கியூஆர் என்று கேட்டுச் செய்யுங்கள். குரோம் உலாவியில் உங்கள் பக்கத்தைத் திறந்து, பகிர்வதற்கான பட்டியலிலேயே கியூஆர் எடுக்கலாம், செலவில்லை, காலாவதியும் இல்லை. ஒட்டுத்தாளில் குறியின் பக்கம் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், சுற்றிலும் வெள்ளை விளிம்பு விடச் சொல்லுங்கள். ஒரு தாளை மட்டும் முதலில் அடித்து, எண்ணெய்க் கையால் தடவிவிட்டுப் படிக்கிறதா என்று பாருங்கள்.